கிரேன்காரர் ஏறிய மலை

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே குறைதான். "தங்கச்சி, ரசத்துல உப்பு கூட. பொரியல் சரி. சோத்தை ஒரு கொதி முந்தியே வடிச்சிட்ட." சொல்லிவிட்டு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் பயந்துகொண்டே போய் நின்றால், "என்ன, முகம் செத்துக் கெடக்கு? உப்பு கூடன்னா கூடன்னு சொன்னேன். அதுக்குள்ள வேற ஒண்ணும் கெடையாது" என்றார்.

அதற்குள் வேறொன்றும் கிடையாது என்பதை நான் நம்புவதற்கே ஒரு வருஷம் ஆனது. யாராவது "சரி" என்றால் உள்ளே கோபமோ என்று நினைப்பவள் நான். கேஸை மூடிவிட்டுப் படியிறங்கி, மூடினோமா என்று திரும்பப் படியேறிப் பார்ப்பவள்.

வங்காளிகளின் இந்தப் பெரிய நகரத்தில், பெஹாலா பக்கம் நாங்கள் இருந்த கட்டடத்தில் அவருக்கு மூன்றாம் மாடி, எங்களுக்குத் தரைத்தளம். என் வீட்டுக்காரருக்கு கார்டன் ரீச் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. நான் காலையில் இரண்டு தமிழ் ஆபீசர் வீடுகளில் சமைத்து முடித்து, மூன்றாவதாக அவர் வீட்டுக்கு ஏறுவேன். அந்தப் படிகளை ஏறி முடிக்கும்போது முழங்கால் இரண்டும் யாருடையவோ போல இருக்கும். அவர் கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவராம். இவர் பிறந்ததே இங்கேதான். வாயில் அவர் அம்மாவின் தூத்துக்குடித் தமிழ், நடுநடுவே வங்காளி. நான் திருச்செந்தூர்க்காரி என்பதால் 'அண்ணாச்சி' தானாகவே வந்துவிட்டது. தெருவில் மற்ற எல்லோருக்கும் அவர் கிரேன் காக்கு. இங்கே சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மனைவி நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள், புனேவில் கம்ப்யூட்டர் வேலை.

அப்படிப்பட்ட ஒரு மனிதர் பகல் பதினொரு மணிக்கு என்ன செய்வார்? பேப்பர் படிப்பார், இல்லாவிட்டால் தூங்குவார் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்.

மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய விளையாட்டுப் பெட்டி அது. புனேவுக்குப் போகும்போது டிவிக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் ஒரே ஒரு விளையாட்டு. இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர், என் வாயில் நுழையாது. நாங்கள் 'அந்த ஊர்' என்றே சொல்வோம். அந்த ஊர் ஒரு குளிர் தேசம். நடுவே ஆறு. ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகம். அதைத் தாண்டினால் சதுப்பு, சதுப்பைத் தாண்டினால் கறுப்பான காடு, காட்டுக்குப் பின்னால் பனிமலை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கதவே வைக்காமல் கட்டின வீடு மாதிரி இருந்தது.

கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பெண்ணாகத்தான் அந்த ஊரில் நடக்க வேண்டும். அவள் காணாமல் போன தம்பியைத் தேடுகிறாள். மகள் ஒரே வாரத்தில் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டாளாம். இவர் இரண்டு வருஷமாகப் பாதிக் கதைகூடத் தாண்டவில்லை. "பாவம் அண்ணாச்சி, அந்தப் பையன் எங்க கெடக்கானோ" என்று நான் தவித்தால், "எங்க போயிரப் போறான்? நாம போனாத்தான் அவன் மூச்சே விடுவான்" என்பார். துறைமுகத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவார். ரொட்டி விற்கும் ஒரு அம்மா, எப்போது போனாலும் இன்றைக்கு மழை வரும் என்பாள். அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, "உனக்கு அக்கா போல, எப்பப் பாத்தாலும் கவலை" என்று என்னைப் பார்ப்பார். பாலத்துக்குக் காவல் நிற்கும் குடிகாரச் சிப்பாய் ஒருவன் இருந்தான். காட்டுப்பாதை பத்திரமானது என்று யார் கேட்டாலும் சொல்வான். அவனை மட்டும் இவருக்கு ஆகாது.

"இவன் போய்ப் பாத்திருக்கானா காட்டை? இங்கேயே நின்னுட்டு நல்லாருக்கு நல்லாருக்குங்கான். ராஸ்கல்."

அந்தத் துறைமுகத்தில் மரத்தால் ஆன ஒரு கிரேனும் உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வரும். "கயிறு எந்தப் பக்கம் போகுது பாரு! இதுல மூட்டை தூக்குனா மூட்டை அங்கேயே நிக்கும், கிரேன்தான் மேல போகும்."

எனக்குக் கவலை குதிரையைப் பற்றி. கடைவாசலில் இறங்கினால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

"அண்ணாச்சி, குதிரையைக் கட்டாம வாரிய."

"அது எங்கயும் போகாது."

"மழை பெய்யுதே."

"தூர்!" என்று வங்காளியில் சலித்துக்கொண்டார். "அது கம்ப்யூட்டர் குதிரை."

மறுநாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். குதிரை ஒரு கொட்டகைக்குள் நின்றிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த விளையாட்டில் கஷ்டத்துக்கு நான்கு படிகள் உண்டு. மேலே இருப்பது சுலபம், கீழே போகப் போகக் கடினம். அவர் கடைசிப் படியில் இருந்தார். அதில் ஓநாய் மூன்று கடி கடித்தால் முடிந்தது. திரை சாம்பல் நிறமாகும், செத்துவிட்டாய் என்று இரண்டு இங்கிலீஷ் வார்த்தை வரும். நான் எட்டாவதோடு நின்றவள். அம்மாவுக்கு முடியாமல் போனபோது பள்ளிக்கூடத்தை விட்டது, அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அந்த இரண்டு வார்த்தை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டது.

"ஏன் அண்ணாச்சி இந்தப் பாடு? சுலபமா வைக்கலாமாமே."

"சுலபத்துல ஓநாய் கடிச்சா வலிக்காது. வலிக்காத ஓநாய் என்ன ஓநாய்? நாய்க்குட்டி."

டாக்டரிடமும் அவர் அப்படித்தான். கண்ணில் நீர் அழுத்தம் என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருப்பது தெரியாமல் கதவில் இடித்துக்கொள்ள ஆரம்பித்ததும், மகள் என்னைப் போனில் கெஞ்சி அவரோடு அனுப்பினாள். டாக்டர் நல்லவர். வங்காளியில் நயமாக, கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்று தோளைத் தட்டினார். இவர் கையை விலக்கிவிட்டு, "டாக்டர்பாபு, பாக்கப் போறது நீங்க. எனக்கு எத்தனை மாசம்? அதைச் சொல்லுங்க" என்றார். டாக்டர் நாற்காலியை இவர் பக்கம் திருப்பினார். பிறகு, ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்துகொண்டே இருக்கும், நடுவில் ஒரு ஓட்டை மாதிரி மிஞ்சும், துர்கா பூஜை வரைக்கும் அது தாங்கலாம், அதற்குமேல் நான் எதுவும் சொல்ல முடியாது என்றார். இவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்டோவில் நான்தான் அழுதுகொண்டு வந்தேன்.

"நீ ஏன் அழுத? அந்த மனுசன் எவ்வளவு ஒழுங்கா சொன்னாரு!"

அன்று மாலை அவர் மகளிடம் போனில் பேசும்போதுதான் அந்த மலை விஷயம் வந்தது. பனிமலையின் உச்சியில் நின்றால் இத்தனை நாள் நடந்த எல்லா இடமும் ஒரே பார்வையில் தெரியும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆறு, துறைமுகம், சதுப்பு, காடு, எல்லாம். "கிரேன் மேல இருந்து பாக்க மாதிரியாம்" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால் கங்கை தெரியும், கப்பல்கள் தெரியும், கிடர்பூர் முழுக்கத் தெரியுமாம். ஓய்வு பெற்றபின் அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைக்கவேயில்லை. பூஜைக்கு முன்னால், கண் இருக்கும்போதே, அந்த உச்சியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. மலை ஏறும் கணவாயில் ஒரு வெள்ளைக் கரடி நின்றது.

அவர் உட்காரும் நாற்காலி முதலில் ஜன்னலோரம் இருந்தது. ஆனி மாசத்தில் டிவியை நோக்கிக் கட்டில் வரை வந்தது. ஆடியில் அதற்கும் முன்னால் வந்தது.

அவருடைய துறைமுகக் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊரெல்லாம் தெரியும், ஆனால் கப்பலின் வயிற்றுக்குள் தெரியாதாம். அதனால் கப்பலின் விளிம்பில் சிக்னல்காரர் ஒருவர் நிற்பார். அவர் குனிந்து கீழே பார்த்துக் கையைக் காட்டுவார், குரல் கொடுப்பார். தூக்கச் சொன்னால் ஹாபிஸ், இறக்கச் சொன்னால் ஆரியா. பழைய கப்பல்காரர்கள் காலத்திலிருந்து வரும் சொற்கள். கிரேன்காரர் அந்தக் குரலை மட்டும் நம்பி டன் கணக்கில் எடையைக் கண் தெரியாமல் இறக்குவார். ஒருநாள் ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சிக்னல்காரர் இவருடைய நெருங்கின சிநேகிதர். இவர் காலையிலிருந்து காய்ச்சலோடு ஓட்டுகிறார், சீக்கிரம் முடியட்டும் என்று அந்தச் சிநேகிதர் நினைத்து, குனிந்து பார்க்காமலே ஆரியா கொடுத்துவிட்டார். கீழே ஒரு ஆள் இருந்தான். உயிர் பிழைத்தான், ஒரு பாதம் போனது.

"சோம்பேறித்தனத்துல செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றார். "எம்மேல எரக்கப்பட்டு செஞ்சிருக்கான். எரக்கப்பட்டு சிக்னல் குடுக்கலாமா, தங்கச்சி?"

அந்தச் சிநேகிதரோடு அதற்குப்பின் அவர் பேசவே இல்லை. சிநேகிதர் செத்தபோது போய் மாலை போட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் வந்தாராம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

இந்தக் கதை தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

ஆவணி மாசம். தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. போகும்போதும் வரும்போதும் அந்த மூங்கில் குவியல் என் கண்ணைக் குத்தியது. மேலே போனால் கரடி அவரை அடித்துப் போட்டுக்கொண்டிருக்கும். திரை சாம்பலாகும், மறுபடி கணவாய், மறுபடி கரடி. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் இரண்டு கையாலும் விளையாட்டுக் கருவியைப் பிடிப்பார். நான் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே பார்ப்பேன். இரண்டு தடவை விரலை நறுக்கிக்கொண்டேன். தாங்காமல் மகளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அப்பா கேக்கவே மாட்டாரு" என்றாள் அவள். அவளுக்குத் தமிழைவிட வங்காளிதான் சுலபம். "நீங்களே மாத்திடுங்க. செட்டிங்ஸ்ல நாலு லைன் இருக்கும், இல்லையா? லாஸ்ட்ல இருக்கும். ஃபர்ஸ்ட்டுக்கு மேல கொண்டு வாங்க. பஸ், ஹோயே கேலோ, முடிஞ்சுது."

"கண்டுபிடிச்சிட்டாருன்னா?"

"அவருக்கு மெனு படிக்கவே கஷ்டம் அக்கா இப்போ. எப்படித் தெரியும்?"

அவர் பன்னிரண்டு மணிக்குக் குளிக்கப் போவார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அந்தக் கருவியைக் கையில் எடுத்தேன். ஈ, ஏ, எஸ், ஒய் என்று எழுத்துக் கூட்டி, சரியான வரிதான் என்று மூன்று தடவை பார்த்து, அழுத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கரடி வந்தது. இரண்டு வெட்டு. கரடி தள்ளாடிச் சாய ஆரம்பித்தது.

"விழுந்துட்டு! அண்ணாச்சி, விழுந்துட்டு!" என்று நான் கை தட்டினேன். அவர் தட்டவில்லை. மேலே ஏறினார். சரிவில் ஓநாய்கள் வந்தன, கடித்தன, விழுந்தன. பனிக்காற்று அடித்தது. உச்சி விளிம்பு தெரிந்தது, அதற்கு மேலே வானம். இன்னும் ஐந்தாறு எட்டு வைத்தால் போதும். அங்கே நிறுத்திவிட்டார். கட்டைவிரல்களை எடுத்துவிட்டார்.

"எடை இல்ல" என்றார்.

அடி விழும்போது அந்தக் கருவி கையில் அதிரும். அந்த அதிர்வில் அவர் எடை பார்த்திருக்கிறார். "முப்பது வருசம் கயித்துல தொங்குறதைக் கையால பாத்தவன் நான். இது வேற. யாரு தொட்டது இதை?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? நான் எட்டாங்கிளாஸு" என்றேன். படிக்காமல் போனதை நினைத்து வாழ்நாள் முழுக்கக் கூசியவள், அன்றைக்கு அதற்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்துபோய் மூக்கு டிவி திரையில் படும் அளவுக்குக் குனிந்து, மெனுவுக்குள் தடவித் தடவி, கடைசிப் படிக்கு மாற்றி வைத்தார். பிறகு பழைய இடங்களின் பட்டியலை எடுத்தார். எங்கெங்கே நிறுத்தி வைத்தாரோ அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். கணவாய் இருந்தது. காடு இருந்தது. எல்லாவற்றையும் தாண்டிப் பின்னால் போய்ச் சதுப்பில் நின்றார்.

"எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு தூரம்?"

"எந்த நாள்ல இருந்து இப்படின்னு எனக்குத் தெரியாதுல்லா. காட்டுல ஜெயிச்சதும் பொய்யா இருக்கலாம். இது வரைக்கும் மெனுவை நானே வாசிச்சேன், நெசம்னு தெரியும்."

இன்றைக்கு மட்டும்தான் அண்ணாச்சி என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் கணவாயிலேயே தொடங்கியிருப்பார். ஒரு வாக்கியம்தான். முதலில் சொன்ன பொய் அதை வரவிடவில்லை. நான் குழம்பை இறக்கினேன். அவர் சதுப்பில் நடக்க ஆரம்பித்தார். பூஜைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் உடம்பு சோர்ந்துவிடுகிறது. மழை விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்று வீட்டுக்கும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மேலே அவர் சேற்றில் கால் புதையப் புதைய நடந்துகொண்டிருப்பார். ஏற்கெனவே ஒரு தடவை கடந்த சேறு. இப்போது பக்கத்திலிருந்து வருவது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து வருவதுதான் அவரைக் கொன்றது. நாற்காலி டிவியிலிருந்து ஒரு கை தூரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று படியேறுவேன். சொல்லாமலே படியிறங்குவேன்.

பதினோராம் நாள், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தானாக வாய் திறந்துவிட்டது.

"அண்ணாச்சி, நான்தான். அந்த ஒரு நாள்தான் மாத்துனேன். அதுக்கு முந்தி எல்லாம் நெசம்."

அவர் பிசைந்துகொண்டே இருந்தார். "நீதான்னு எனக்குத் தெரியும். அன்னைக்குக் கை தட்டுனியே, கரடி கீழ விழறதுக்கு முந்தியே தட்டிட்ட. எந்த நாள்னுதான் தெரியாது. அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"இப்பத்தான் சொல்லிட்டேனே. கணவாய்க்கே போயிரலாமே அண்ணாச்சி?"

"அது அழிஞ்சிட்டு. புதுசா நிறுத்தி வைக்க வைக்கப் பழசு அழிஞ்சிரும்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னைய மன்னிச்சிட்டியளா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியல" என்றார். "தெரிஞ்சா சொல்லுதேன். பருப்பு வேகல இன்னைக்கு."

வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று இருந்தேன். சொல்லவில்லை. நானாக நின்றுவிடலாமா என்றும் நினைத்தேன். நின்றால் அவருக்கு யார் பொங்கிப் போடுவார்கள் என்ற கவலை, நிற்காவிட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கவலை. இரண்டு கவலையையும் தூக்கிக்கொண்டு தினமும் மூன்று மாடி ஏறினேன்.

பூஜை வந்தது. தெருவில் தாக் மேளம் அடித்தபோது அவர் காட்டின் நடுவில் இருந்தார். டாக்டர் சொன்னது ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அதற்குப்பின் ஓட்டை சுருங்கியது. காளி பூஜைக்கு வாசலில் விளக்கு வைத்தபோது, வெளிச்சம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றார். மகள் பதறிப்போய் வந்தாள், புனேவுக்கு வரச் சொன்னாள். "தை மாசம் வாரேன். ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் போன மறுநாள் அவர் குரல் வந்தது. "தங்கச்சி, கத்தியை வச்சிட்டு இங்க வா. டிவி பக்கத்துல நில்லு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சிக்னல் குடு."

"நானா? என்னையா நம்புதிய?"

"வேற யாரு இருக்கா? மகளைப் புனேல இருந்தா கத்தச் சொல்லுத?"

ஹாபிஸ் என்றால் தாவ வேண்டும். ஆரியா என்றால் குனிய வேண்டும். இடது, வலது. அவ்வளவுதான் பாடம். ஆனால் முதல் வாரம் நான் 'நில்லுங்க' என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. இலை அசைந்தாலும் நில்லுங்க, காக்கை பறந்தாலும் நில்லுங்க.

"எதுக்கு நிக்கணும்? அதைச் சொல்லேன்!"

"என்னமோ வருது."

"என்னமோன்னா என்ன? நாலு காலா, ரெண்டு காலா?"

"நாலு. இல்ல... அது நம்ம குதிரை."

"ஆரே பாபா! நம்ம குதிரைக்கே என்னைய நிப்பாட்டுத."

கண் போனதிலிருந்து சிரிக்காத மனிதர் அன்று சிரித்தார். நானும் சிரித்தேன், அப்புறம் சிரித்தது தப்போ என்று நினைத்தேன். நாள் போகப் போக எனக்குப் பார்க்க வந்தது. பயம் போகவில்லை, பயந்ததைப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். அதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் அவசரத்தில் பார்க்காமலே ஆரியா என்றுவிட்டேன். உடனே, "இல்ல அண்ணாச்சி, பாக்காம சொல்லிட்டேன்" என்று கத்தினேன். அதற்குள் ஓநாய் கடித்துவிட்டது, திரை சாம்பலானது. அவர் திட்டவில்லை. "இது போதும். இதுக்கு நான் செத்தாலும் பரவாயில்ல" என்றார்.

காடு முடிந்தது, கணவாய் வந்தது. கரடியோடு மார்கழி பாதி போனது, கடைசிப் படியிலேயே. ஒரு பகல், வெயில் டிவியில் அடித்ததால் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து நின்றேன். இடது என்றேன், ஆரியா என்றேன், மறுபடி இடது, இப்போ வெட்டுங்க, வெட்டுங்க. கரடி ஆடியது. இந்தத் தடவை அது தரையில் சாயும் வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சொன்னேன். அவர் கை அதிர்ந்தது எனக்கே தெரிந்தது. மூச்சு வாங்கினார். பிறகு மெல்ல மெல்ல, எட்டு எட்டாக, நான் சொல்லச் சொல்ல ஏறினார்.

"எங்க நிக்கோம்?"

"உச்சியில."

கருவியை மடியில் வைத்தார். "சொல்லு."

திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. மேகம். கீழே ஒன்றுமே இல்லை. ஆறு, துறைமுகம், சதுப்பு, காடு என்று மகள் சொன்ன வரிசை எனக்கு மனப்பாடம். அப்படியே ஒப்பித்திருக்கலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆறு வெள்ளிக்கம்பி மாதிரி மின்னுது அண்ணாச்சி என்றால் அவர் முகம் எப்படி ஆகும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

"மேகம் அண்ணாச்சி" என்றேன். "ஒண்ணும் தெரியல."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "சரி. விலகட்டும். மழை நாள்ல கப்பலுக்கு மூடி போட்டுட்டு உக்காந்திருப்போம்லா, அப்படி உக்காருவோம்."

நான் தரையில் உட்கார்ந்தேன். அடுப்பில் சோறு இருந்தது, போய் இறக்கிவிட்டு வந்தேன். கேஸை மூடினேனா என்று மறுபடி எழுந்து போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து வெள்ளை ஓரிடத்தில் கிழிந்தது.

"தண்ணி தெரியுது. ஒரு துண்டு. இடது பக்கம்."

"ஆறு. துறைமுகம்?"

"தெரியல."

"காடு?"

"காடுன்னு நெனைக்கேன்."

"நெனைக்காத. பாரு."

பார்த்தேன். "கறுப்பா இருக்கு. காடான்னு தெரியல."

"அது போதும்." கொஞ்சம் பொறுத்து, தயங்கினாற்போல, "நல்லாருக்கா?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? எனக்கு நன்றாக இருக்கிறதா என்றே தெரியவில்லை. மேகம் கிழிந்த ஓட்டை வழியாக எங்கேயோ அதலபாதாளத்தில் அந்தத் தண்ணீர் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க உள்ளங்கால் கூசியது. தரையில் உட்கார்ந்திருந்தவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அது எனக்குச் சொல்லத் தெரியல அண்ணாச்சி. கீழ பாக்கவே பயமா இருக்கு. காலெல்லாம் நடுங்குது."

"அப்ப ஒசரம்தான்" என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, திரை இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். சோறு ஆறியது. மேகம் விலக விலக நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.